பழைய ஜீப் செரோக்கிக்கு 4.6 லிட்டர் ஸ்ட்ரோக்கர் இன்ஜின்: முழுமையான வழிகாட்டி

ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 1987-இல் வந்தது, 2006-இல் நின்றது. ஆயில் மாற்றி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பல லட்சம் கிலோமீட்டர் அலுக்காமல் ஓடும். என் 1998 செரோக்கியில் இருந்ததும் அதுதான். அதன்மேல் எனக்கு ஒரே ஒரு குறை: பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலை ஏறும்போது புல்லிங் போதாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி அதே இன்ஜின் குடும்பத்துக்குள்ளேயே கிடக்கிறது. 4.0-ஐ வடிவமைத்தது அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம். அதற்கு முன்பே அவர்களிடம் 4.2 லிட்டர் இன்ஜின் ஒன்று இருந்தது. கன அங்குலக் கணக்கில் அதை 258 என்பார்கள். 1971-இலிருந்து 1990 வரை வந்த அந்த இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் குறைவு, பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் அதிகம். 4.0-இல் இது தலைகீழ். பெரிய துளை உள்ள ப்ளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடலில், நீண்ட ஸ்ட்ரோக் உள்ள கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, போட்டால் இரண்டின் பலமும் சேர்ந்துவிடும். மெயின் பேரிங்குக்கும் பிக் எண்ட் பேரிங்குக்கும் ஜர்னல் அளவு, அதாவது பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதியின் விட்டம், இரண்டு இன்ஜினிலும் ஒன்றே என்பதால் 4.2-இன் கிராங்க் 4.0 ப்ளாக்கில் அப்படியே உட்காரும். ஸ்ட்ரோக்கைக் கூட்டிக் கட்டுகிற இன்ஜினைத்தான் ஸ்ட்ரோக்கர் என்கிறோம்.

'அப்படியே உட்காரும்' என்பதை நம்பி நேராகக் கோர்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். உட்காரும், ஓடவும் ஓடும். ஆனால் நன்றாக ஓட வேண்டுமென்றால் அளவெடுத்தே ஆக வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். போல்ட் முறுக்குவது எளிய வேலை.

முதலில் கணக்கு

லேத் பட்டறையில் 'தவு' என்பார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இன்ஜினின் எல்லா அளவும் அங்குலத்தில்தான் வரும். அதனால் அங்குலம், தவு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தேவைப்படும் இடத்தில் மில்லிமீட்டரும் தருகிறேன்.

4.0-இன் துளை 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் 3.414 அங்குலம். 4.2-இன் ஸ்ட்ரோக் 3.895 அங்குலம். துளையைத் தொடாமல் கிராங்கை மட்டும் மாற்றினால் 4.5 லிட்டர் வரும். பழைய ப்ளாக் என்றால் எப்படியும் துளையைக் கடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்ய வேண்டியிருக்கும். 30 தவு ஓவர்சைஸ் போட்டால் துளை 3.905 அங்குலமாகி 4,586 சிசி கிடைக்கும். 4.6 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 60 தவு போட்டால் 4.66 லிட்டர். அந்த 70 சிசிக்காகச் சிலிண்டர் சுவரை மெலிதாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுவர் மெலிந்தால் சூடு கூடும், இன்னொரு முறை ரீபோர் செய்யவும் இடம் இருக்காது. 30 தவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோக் 12.2 மில்லிமீட்டர் கூடுகிறது. ராட் மாட்டும் கிராங்க் பின், சுழல் மையத்திலிருந்து அதில் பாதி, அதாவது 6.1 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. பிஸ்டன் மேலே 6.1, கீழே 6.1 கூடுதலாகப் போகும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் 4.0-இல் 6.125 அங்குலம். அதையே போட்டால் பிஸ்டன் ப்ளாக்கின் மேல்தளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு, மேலே மூடியிருக்கும் ஹெட்டில் இடிக்கும். 4.2-இன் ராட் 5.875 அங்குலம். கால் அங்குலம் குட்டை, மில்லிமீட்டரில் 6.35. மேலே போன 6.1-ஐ இந்த 6.35 திரும்ப வாங்கிக்கொள்கிறது. பிஸ்டனை ராட்டில் கோர்க்கும் பின்னின் விட்டமும் இரண்டிலும் ஒன்றே. 4.2-இன் கிராங்க், 4.2-இன் ராட், 4.0-இன் பிஸ்டன் என்ற கூட்டணி இத்தனை பேருக்குக் கைகொடுத்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வழி, 4.0-இன் நீள ராட்டையே வைத்துக்கொண்டு, பின் உயரம் குறைந்த பிஸ்டனைத் தனியாக வாங்குவது. பின் மையத்திலிருந்து பிஸ்டனின் தலை வரை உள்ள உயரம் சுமார் 1.35 அங்குலம் இருக்க வேண்டும். சாதாரண 4.0 பிஸ்டனில் அது சுமார் 1.6. நீள ராட் போட்டால் பிஸ்டன் பக்கவாட்டில் சிலிண்டர் சுவரை அழுத்துவது குறையும். ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் குட்டை ராட்டுக்கு 1.51, நீள ராட்டுக்கு 1.57. வித்தியாசம் உண்டு, ஆனால் பெரிதில்லை. கையில் பணம் இருந்தால் நீள ராட் நல்லது. நான் குட்டை ராட் போட்டேன், அதில் எனக்குக் குறை இல்லை.

காயலான் கடையில் கிராங்க் தேடுதல்

258 இன்ஜின் வந்த வண்டிகள்: பழைய ஜீப் சிஜே, வேகனீர், 1987 முதல் 1990 வரையிலான ரேங்ளர், ஏ.எம்.சி. ஈகிள், கான்கார்ட். அமெரிக்காவின் காயலான் கடைகளில் இவை முன்பு போல் மலிந்து கிடப்பதில்லை. ஆனாலும் தேடினால் கிடைக்கும். முழு இன்ஜினாகவே வாங்கிவிடுங்கள். கிராங்க், ஆறு ராட், அவற்றின் மூடிகள் எல்லாம் ஒரே ஜோடியாக வந்துவிடும். ராட்டையும் அதன் மூடியையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. பிரிக்கும்போதே எண் குத்திவையுங்கள்.

கிராங்கில் இரண்டு வகை உண்டு. பழையதில் 12 எதிரெடைகள், பிந்தையதில் நான்கு. நான்கு எதிரெடை கிராங்க் நன்றாகவே எடை குறைந்தது, இன்ஜின் சட்டென்று வேகம் எடுக்கும். 12 எதிரெடை உள்ளது கனமானது, பாறை மேல் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் அணையாமல் சீராகச் சுற்றும். எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய கிராங்குகள் சிலவற்றில் முன்மூக்கு நீளமாக இருக்கும். அப்படியானால் 4.0-இன் டேம்பர் புல்லி பொருந்தும்படி லேத்தில் கடைந்து குறைக்க வேண்டும். உங்கள் 4.0 கிராங்கையும் பட்டறைக்கு எடுத்துப் போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டுவதே நல்லது.

சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, கிராங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கயிற்றில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எதிரெடையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல கிராங்க் வெண்கல மணி போல நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று சத்தம் செத்துவிடும். காயலான் கடையிலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது. இதில் தேறினாலும் பட்டறையில் காந்தப்பொடி போட்டு விரிசல் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள், மணிச் சத்தத்துக்குச் சிக்காத நூல் விரிசலும் உண்டு.

எந்த ப்ளாக், எந்த ஹெட்

1987 முதல் 1990 வரை ஒரு வகை, 1991-இலிருந்து எச்.ஓ. என்ற மேம்பட்ட வகை. இரண்டின் ப்ளாக்கிலும் ஸ்ட்ரோக்கர் கட்டலாம். 1996-க்குப் பிந்தைய ப்ளாக்கில் மெயின் மூடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அடிப்பகுதிக்கு நல்ல பலம். அது கிடைத்தால் விடாதீர்கள்.

ஹெட்டில் ஒன்றுக்கு மட்டும் உஷார். கடைசி ஆண்டுகளில் வந்த, வார்ப்பு எண் 0331-இல் முடியும் ஹெட்டுகளில் பல, மூன்றாம் நான்காம் சிலிண்டருக்கு நடுவே விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீரைக் கலந்துவிடும். 1991-95-இல் வந்த 7120, அதற்குப் பிறகு வந்த 0630 இரண்டும் நம்பலாம். என்னிடம் இருந்தது 0630.

பட்டறை வேலை

ப்ளாக்கைக் கொதிதொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வது, விரிசல் சோதனை, ரீபோர், சிலிண்டர் சுவரைத் தேய்த்துப் பதமாக்கும் ஹானிங், கிராங்க் ஜர்னல்களை 10 தவு குறைத்து அரைப்பது, ராட்களைச் சரிபார்த்து எடை பொருத்துவது. இவ்வளவும் பட்டறைக்காரர் வேலை. உங்கள் பக்கம் மூன்று விஷயம்.

முதலாவது, பிஸ்டன்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ரீபோர் செய்யச் சொல்லுங்கள். 30 தவு என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஆனால் துளையும் பிஸ்டனும் விட வேண்டிய இடைவெளியை அந்தப் பிஸ்டனை அளந்துதான் வைக்க வேண்டும். இரண்டாவது, ஹானிங் செய்யும்போது ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் கனமான டார்க் பிளேட்டை முறுக்கிவிட்டுச் செய்வார்களா என்று கேளுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கினால் சிலிண்டர் வட்டம் சற்றே பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தோடு ஹானிங் செய்தால்தான் ஓடும்போது வட்டம் வட்டமாக இருக்கும். மூன்றாவது, ப்ளாக்கின் மேல்தளத்தை இப்போதே சீவ விடாதீர்கள். எவ்வளவு சீவுவது என்பது அடுத்த படியில்தான் தெரியும்.

மாதிரிக் கோர்ப்பு

நான் முதல் முறை தாவிக் கடந்துவிட்ட படி இதுதான்.

பட்டறையிலிருந்து ப்ளாக் வந்ததும், ரிங் மாட்டாமல், ஆயில் சீல் போடாமல், கிராங்கையும் ஒன்றாம் ஆறாம் சிலிண்டர் பிஸ்டன்களையும் மட்டும் கோர்த்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் பிஸ்டன் பின், ராட்டுக்குள் இறுக்கமாக ஏறி நிற்பது, அதனால் ராட்டைச் சூடாக்கிப் பின்னை ஏற்றும் வேலையைப் பட்டறையிலேயே முடித்து வாங்கிவிடுங்கள். இப்போது கையால் மெதுவாகக் கிராங்கைச் சுற்றுங்கள். எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ராட் போல்ட்டின் தலை சிலிண்டரின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் போகும். பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதன் கீழ்ப்பகுதியான பாவாடை கிராங்கின் எதிரெடையை நெருங்கும். எதிரெடைகள் ப்ளாக் சுவரையும் அந்த இரும்புச் சட்டத்தையும் நெருங்கும். எல்லா இடத்திலும் குறைந்தது 60 தவு, ஒன்றரை மில்லிமீட்டர் சந்து வேண்டும். குறைந்தால் கையரைவையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்த பிறகு ப்ளாக்கைத் திரும்பவும் முழுதாகக் கழுவ வேண்டும். இரும்புத் தூள் ஒரு சிட்டிகை நின்றாலும் பேரிங்கைத் தின்றுவிடும்.

உரசல் சரி. இப்போது பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி, டயல் கேஜை ப்ளாக் தளத்தில் வைத்து, பிஸ்டனின் தட்டையான விளிம்பு தளத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். பின்னின் மையத்துக்கு நேர் மேலே அளக்க வேண்டும், ஓரத்தில் அளந்தால் பிஸ்டன் ஆடி ஏமாற்றும். ஒன்றிலும் ஆறிலும் அளந்தால் தளம் சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். என் ப்ளாக்கில் கிடைத்தது 35 தவு. கணக்கோடு ஒத்துப்போனது: பாதி ஸ்ட்ரோக் 1.948, ராட் 5.875, பின் உயரம் 1.592, கூட்டினால் 9.415. கிராங்க் மையத்திலிருந்து தளம் வரை என் ப்ளாக்கின் உயரம் 9.450.

இந்த 35 தவுதான் அடுத்த எல்லா முடிவுக்கும் அடிப்படை.

கம்ப்ரஷனும், ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள சந்தும்

கம்ப்ரஷன் கணக்கை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதை, உட்கார்ந்து போட்டுவிடலாம். 30 தவு ஓவர்சைஸில் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு 764 சிசி. பிஸ்டன் மேலே வந்து நின்ற பிறகு மிச்சமிருக்கும் இடம் நான்கு பங்கு. ஹெட்டின் அறை: ஊசிக்குழாயால் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தபோது எனக்கு 58 சிசி. ஹெட் பேக்கிங்: இறுகிய பின் 51 தவு கனம், சுமார் 10 சிசி. தளத்துக்குக் கீழே நிற்கும் 35 தவு: சுமார் 7 சிசி. பிஸ்டன் தலையிலுள்ள குழி: 17.5 சிசி. கூட்டினால் 92.5. கம்ப்ரஷன் 9.26-க்கு 1. ஆலையில் என் வண்டிக்கு வைத்தது சுமார் 8.8. கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, ஆபத்தில்லை என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் முறை இதே அளவில் கோர்த்து முடித்தேன். சமதளத்தில் அருமையாக ஓடியது. முதல் ஏற்றத்தில், டிரெய்லரோடு, மூன்றாம் கியரில் அழுத்தியபோது வாணலியில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம். நாக்கிங், அதாவது கலவை தானாகவே பற்றி வெடிப்பது. 87 ஆக்டேன் பெட்ரோலை விட்டு 91-க்கு மாறினேன், குறைந்தது, நிற்கவில்லை. 1987-90 இன்ஜினில் நாக் சென்சர் உண்டு, கம்ப்யூட்டரே டைமிங்கைப் பின்வாங்கிவிடும். 1991-க்குப் பிறகு அந்தச் சென்சர் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியும் பயனில்லை, கரண்ட் பாயும் நேரத்தை முடிவு செய்வது கிராங்க் சென்சர். காது மட்டும்தான் துணை. இரண்டு மாதம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பயந்து ஓட்டினேன். அப்புறம் ஹெட்டைக் கழற்றினேன்.

தப்பு கம்ப்ரஷனில் இல்லை, சந்தில் இருந்தது. ஹெட்டின் அறையைச் சுற்றித் தட்டையான பகுதி ஒன்று உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தட்டைக்கும் பிஸ்டனின் தட்டையான விளிம்புக்கும் நடுவே அகப்படும் கலவை பிதுக்கி ஸ்பார்க் பிளக்கை நோக்கித் தள்ளப்படும். கலவை நன்றாகச் சுழன்று வேகமாக எரியும், மூலையில் தானாகப் பற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. இதற்குச் சந்து 40 தவிலிருந்து 60 தவுக்குள் இருக்க வேண்டும். என்னுடையது 35-உம் 51-உம் சேர்த்து 86 தவு, இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல். பிதுக்க வேண்டிய இடம் வெறும் பொந்தாகிவிட்டது. அங்கே தங்கிய கலவைதான் கடுகாகப் பொரிந்தது.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். ப்ளாக்கை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய்த் தளத்தை 25 தவு சீவச் சொன்னேன். பிஸ்டன் இப்போது தளத்துக்குக் கீழே 10 தவுதான். அதே 51 தவு பேக்கிங்கோடு சந்து 61 தவு ஆனது, எல்லைக்கு ஒரே ஒரு தவுதான் அதிகம். இதை மட்டும் செய்து விட்டிருந்தால் கம்ப்ரஷன் 9.7-க்கு ஏறியிருக்கும். அதனால் பிஸ்டன் தலையின் கனத்தை அளந்து உறுதிசெய்துகொண்டு, குழியை லேத்தில் ஒரு மில்லிமீட்டர் போல ஆழமாக்கி 22 சிசி ஆக்கினோம். 58, 10, 2, 22. மொத்தம் 92. கம்ப்ரஷன் 9.3.

முன்பு 9.26, இப்போது 9.3. எண்ணைப் பார்த்தால் நூலிழை கூடித்தான் இருக்கிறது. ஆனால் அதே ஏற்றம், அதே டிரெய்லர், 87 ஆக்டேன், ஒரு சத்தமும் இல்லை. ஸ்ட்ரோக்கர் கட்டப் போகிறேன் என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கம்ப்ரஷனை மட்டும் கேட்காதீர்கள், சந்து எத்தனை தவு என்று கேளுங்கள்.

கேம், டேப்பட், புஷ் ராட்

வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம். அதன் தள்ளல் டேப்பட், புஷ் ராட், ராக்கர் வழியாக வால்வுக்குப் போகும். இழுவைக்காகத்தான் இந்த வேலை என்றால் 4.0-இன் சொந்த கேமே போதும். மாற்றத்தான் வேண்டுமென்றால் மிதமானதாக எடுங்கள். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இந்த நீண்ட ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர், பழைய 4.0-இல் 14.5 தான். உச்சச் சுற்றுக்குத் துரத்துகிற இன்ஜின் இல்லை இது. 1,500-இலிருந்து 4,000 வரைதான் இதன் சுகம்.

கேமைப் புதிதாகப் போட்டால் டேப்பட்டும் புதிது. பழைய டேப்பட்டைப் புது கேமில் போடவே கூடாது. தளத்தைச் சீவினால் ஹெட் கீழே இறங்குகிறது, புஷ் ராட் அந்த அளவுக்கு நீளமாகிப்போகிறது. இந்த இன்ஜினின் ராக்கரில் சரிசெய்யும் திருகு கிடையாது. அளவு மாற்றும் புஷ் ராட் ஒன்றை வாங்கி, டேப்பட் தலை 20-இலிருந்து 60 தவுக்குள் அமுங்குகிறதா என்று பாருங்கள். அதிகம் அமுங்கினால் குட்டைப் புஷ் ராட் வாங்குங்கள். இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது.

கேம் மாற்றினவர்கள் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலும் பார்த்தாக வேண்டும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தட்டி வைத்து, மேலே லேசாக எண்ணெய் தடவி, பழைய பேக்கிங்கோடு ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைக் கத்தியால் குறுக்கே அறுத்தால் மிச்சமிருக்கும் கனம் கண்ணுக்கே தெரியும்.

கடைசிக் கோர்ப்பு

ப்ளாக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோலோ தின்னரோ ஹானிங் தூளை எடுக்காது. வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, காய்ந்ததும் உடனே எண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடத்தில் துரு பிடிக்கும்.

பேரிங் சந்துக்குப் பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னலின்மேல் நீளவாக்கில் வைத்து, மூடியைப் பூட்டி, கிராங்கைத் துளியும் அசைக்காமல் கழற்றுங்கள். நசுங்கிய இழையின் அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட்டால் சந்து தெரியும். மெயினிலும் பிக் எண்டிலும் 2 தவு வந்தால் நல்லது. கிராங்கின் முன்பின் ஆட்டம் 1.5-இலிருந்து 6.5 தவுக்குள் இருக்க வேண்டும்.

இறுக்கும் அளவுகள்: மெயின் மூடி 40, 70, கடைசியாக 80 பவுண்டு-அடி. ராட் நட் 33. ஹெட் போல்ட் 14-உம் வரிசைப்படி முதலில் 22, பிறகு 45, மறுபடி 45 இருக்கிறதா என்று ஒரு சோதனை, கடைசியில் 110. பதினோராம் போல்ட் மட்டும் 100. அந்த ஒன்று தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குவதால் அதன் மரையில் சீலன்ட் பூசியே தீர வேண்டும். மறந்தால் புது இன்ஜினில் தண்ணீர் கசியும். ராட் போல்ட்களைப் புதிதாக வாங்குங்கள், பழையதை நம்பும் இடமில்லை இது.

ஃப்ளைவீல் 4.0-இன் உடையதாகத்தான் இருக்க வேண்டும். கிராங்க் சென்சர் படிக்கும் வெட்டுகள் அதில்தான் இருக்கின்றன, கார்புரேட்டர் கால 4.2-இன் ஃப்ளைவீலில் இல்லை. ஆயில் பம்பும் டைமிங் செயினும் புதிதாகவே போடுங்கள்.

பெட்ரோல் போதுமா

இன்ஜின் 16 சதவீதம் பெரிதாகிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இந்த ஜீப்பில் காற்றை நேராக அளக்கும் கருவி இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் சுற்றையும் பார்த்து, 4.0-க்கு இவ்வளவு காற்று என்று மனக்கணக்கு போட்டுப் பெட்ரோல் விடும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சர் சொல்லிச் சொல்லிச் சரிசெய்துகொள்ளும். முழுதாக அழுத்தினால் அந்தத் திருத்தம் நின்றுவிடும், பெட்ரோல் குறைந்து கலவை வறண்டு போகும். பிஸ்டன் உருகுவது அங்கேதான்.

அதனால் இன்ஜெக்டரை ஒரு படி பெரிதாக்க வேண்டும். மணிக்கு 24 பவுண்டு விடும் இன்ஜெக்டர் இந்த அளவு இன்ஜினுக்குப் பொருந்தும். ஆனால் அந்த எண் சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அளந்தது. என் 1998 வண்டியில் ரெயில் அழுத்தம் 49, அதனால் அங்கே அதே இன்ஜெக்டர் 26-27 பவுண்டு விடும். வாங்கும் முன் உங்கள் வண்டியின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாயில் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சர் ஒன்றைப் பொருத்தி, முழுதாக அழுத்தும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-இலிருந்து 13-க்குள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இதற்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது.

1996-க்குப் பிந்தைய வண்டி என்றால் உங்கள் மாநிலப் புகைச் சோதனை விதியையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் இன்ஜின் அறையையே திறந்து பார்ப்பார்கள்.

முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, நீளமான தட்டை முனையை டிரில்லில் மாட்டி, ஆயில் பம்பை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். ஒரு நிமிடத்தில் டிரில் திடீரென்று கனக்கும், ஆயில் ஏறிவிட்டது என்று அர்த்தம். எல்லா ராக்கரிலும் ஆயில் கசிந்து வரும்வரை, இடையிடையே கிராங்கைக் கால் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டு சுற்றுங்கள். ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை அதிகம் இருக்க வேண்டும். இந்தத் தட்டை டேப்பட்டும் கேமும் முதல் அரை மணியில் ஒன்றையொன்று பதப்படுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் துத்தநாகம்தான் காப்பு.

டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியான பல்லில் இறக்கி, 1-5-3-6-2-4 வரிசையில் ஒயர்களை மாட்டி, தண்ணீர் ஊற்றி, பெட்ரோல் கசிவு பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பற்றியதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓட விடுங்கள். கேமுக்கு ஆயில் கிடைப்பது கிராங்க் தெளிப்பதால்தான், ஐடிலில் அது போதாது. ஒருவர் ஆயில் அழுத்தத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்கட்டும், ஒருவர் கசிவு பார்க்க வெளியே நிற்கட்டும். எனக்கு அன்று உள்ளே உட்கார்ந்திருந்தது என் மகள். அழுத்தம் எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருபது நிமிடம் முடிந்ததும் அணைத்து, ஆறவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டி உள்தாளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் லேசாக இருந்தால் சரி. மினுங்கும் செதில் இருந்தால் எங்கோ பேரிங் உரசுகிறது, ஓட்டக் கூடாது.

முதல் 800 கிலோமீட்டர் பாரம் கட்டாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். கியரில் வைத்து மிதமாக அழுத்துவது, பிறகு முழுதாக விட்டுவிடுவது என்று மாற்றி மாற்றி ஓட்டினால் ரிங் சுவரில் நன்றாகப் படியும். மறுபடி ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏற்றத்துக்குப் போங்கள். கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்துவிட்டு, மூன்றாம் கியரில் அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்.